திருப்பி வைத்துப் பார்க்காத மூலைமட்டம்

திருக்கோகர்ணம்,
தாது வருஷம் ஆவணி மாதம் 14ஆம் தேதி.

ரங்கூனில் மரப்பட்டறையில் வேலைபார்க்கும் என் மகன் சிரஞ்சீவி அடைக்கலத்துக்கு, உன் அப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. பிரகதாம்பாள் கிருபையால் இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம், மனசுக்குத்தான் யாரும் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ அனுப்பிய மூட்டை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா என்று முதலில் கேட்டு எழுதச் சொன்னாள் உன் ஆத்தா, கேட்டுவிட்டேன். உன் தங்கை செவந்திக்கு இது ஏழாம் மாதம், வளைகாப்புக்கு அழைத்து வர வேண்டும். மழை இன்னும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு வேலைபார்க்கும் ஆண்டியப்பன் போன வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவன், நேரே நம் வீட்டுக்கு வந்து உன் கருவி மூட்டையையும் கடிதத்தையும் வைத்தான். உளி, இழைப்புளி, மூலைமட்டம் ஒன்று பாக்கியில்லாமல் அனுப்பிவிட்டாய். இனி கருவியைத் தொடமாட்டேன், அடுத்த மாதம் முதல் அரிசி ஆலைக்குக் காவலுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். ஏனப்பா என்று ஆண்டியப்பனைக் கேட்டால், உன் மாமன் மச்சான் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் அவன் சொல்கிறான், "ஒங்க மகனுக்குக் கையே கோணல்னு மேஸ்திரி சொல்லிட்டாருங்க, ஒங்க மகன் செஞ்ச பீரோக் கதவு ஒண்ணுகூடப் பொருந்தலைங்க, இப்ப பொட்டிக்கு ஆணி அடிக்கத்தான் விட்டிருக்காங்க" என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாருக்குக் கை கோணல்? பத்தொன்பது வயதில் திருமயத்துச் செட்டியார் வீட்டு ஜன்னலுக்கு நீ மாட்டிய கதவில் இன்றைக்கும் ஒரு காகிதம் நுழையாது. அந்தக் கைக்குப் பெட்டி ஆணியா? அந்த மேஸ்திரி எந்த ஊர்க்காரன், யாரிடம் வேலை பழகினான் என்று கேட்டேன், ஆண்டியப்பன் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான்.

உன்மேலும் கோபம் எனக்கு. எவனோ ஒருவன் சொன்னான் என்று கருவியை மூட்டை கட்டுவாயா? இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாம் நாள் உன் ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "மகனையே வையிறீங்களே, அவன் என்னத்தை வச்சு அளந்தான்னு பாத்தீங்களா?" என்றாள். அவள் வாயை அடைக்கத்தான் உன் மூலைமட்டத்தை எடுத்தேன். நன்றாக இழைத்த தேக்குப் பலகையின் ஓரத்தில் அதை அணைத்து ஊசியால் ஒரு கோடு கீறினேன். மட்டத்தை மறுபக்கம் திருப்பி, அதே இடத்திலிருந்து இன்னொரு கோடு கீறினேன். மட்டத்தின் மூலை சரியான செங்கோணமாக இருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். அடியில் சேர்ந்திருந்த கோடுகள் போகப் போக விலகி, மேலே ஒரு நூல் அகலத்துக்குப் பிரிந்து நிற்கின்றன. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் மூன்று தடவை கீறினேன். அப்படியேதான் இருக்கிறது. இதை வைத்து நீ அறுத்த பலகை எப்படியப்பா மூலை சேரும்? உன் கையைக் குறை சொன்ன அந்த மகாராஜன், உன் கையிலிருந்த மட்டத்தை ஒரு தடவையாவது வாங்கித் திருப்பிப் பார்த்தானா? அவனெல்லாம் ஒரு மேஸ்திரி!

நீயாவது ஏன் பார்க்கவில்லை என்று உனக்கு நாலு வரி திட்டி எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். எழுத ஓடவில்லை. உனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒருநாள் இதே மட்டத்தைத் திருப்பி வைத்துச் சோதித்தாய். அப்பன் கொடுத்ததைச் சந்தேகப்படுகிறாயா என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் உன்னை அறைந்தேன். அதற்குப் பிறகு நீ அதைத் திருப்பியதே இல்லை. இன்னொன்றும் உண்டு. நீ கப்பலேறப் போகிறேன் என்று சொன்ன அன்று, ஆத்திரத்தில் நான் கையிலிருந்ததை வீசினேன் அல்லவா, அது இந்த மட்டம்தான். ஆட்டுக்கல்லில் பட்டு விழுந்தது. உன் ஆத்தா எடுத்துத் துடைத்து உன் மூட்டையில் வைத்தாள். அது கோணிப்போயிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வருஷம் இந்தத் தொழில் செய்கிறவனுக்கு அது தெரியாதா? உன்னோடு பேசக்கூடாது என்கிற வீம்பில், நீ புறப்படுகிறவரை உன் மூட்டைப் பக்கமே நான் போகவில்லை. மூன்று வருஷமாக அந்தக் கோபத்தை வைத்துத்தான் நீ ரங்கூனில் கோடு போட்டிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருக்கிறது அப்பா.

மட்டத்தின் ஆணியைக் கழற்றித் தகட்டை நேராக்கிப் பூட்டிவிட்டேன். ஆண்டியப்பன் ஐப்பசியில் திரும்புகிறான், உன் கருவி எல்லாம் அவனோடு வரும், அதுவரை காவல் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதே. இரவில் ஈரத் தலையோடு படுக்காதே. உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பேரும் அம்பாள் கொடுக்கட்டும்.

மறக்காதே, மட்டம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருப்பி வைத்துக் கீறிப் பார். நான் சரிசெய்தது என்று விட்டுவிடாதே. நான் கோடு கீறிய அந்தத் தேக்குப் பலகையையும் மூட்டையில் வைத்திருக்கிறேன். அதை மேஸ்திரியிடம் காட்டி, கோணல் என் கையில் இல்லை, என் அப்பன் கையில் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பன்
ஆவுடையப்பன் ஆசாரி