மோரோடு போன மாத்திரை

போடிநாயக்கனூர்
18-8-1986

அன்பு மகள் கிருபாவதிக்கு அப்பா எழுதுவது. உன் அம்மாவுக்கு நேற்றுக் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டைப் பிடுங்கியாகிவிட்டது. மற்றபடி கர்த்தர் கிருபையில் இங்கே யாருக்கும் நோவு இல்லை, அங்கே உன் உடம்பும் அப்படியே இருக்கட்டும். நலம் விசாரித்தது இதோடு போதும், மீதியைக் கோபமாகத்தான் எழுதப் போகிறேன்.

ஈஸ்டர் சமயத்தில் ஈறு வீங்கி ரத்தம் கசிகிறது என்று அவள் உனக்கு எழுதினாள். பல் ஆராய்ச்சி செய்கிறவள் நீ, பெருமையாகப் பதில் போட்டாய். ஈறு வீங்கும்போது நம் உடம்பே ஒரு நொதியைச் சுரந்து ஈறின் நாரை அரிக்கிறதாம், டெட்ராசைக்ளின் கிருமியைக் கொல்வதோடு நில்லாமல் அந்த நொதியையும் அடக்கி வைக்கிறதாம். அவள் அதையே மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டு பஜாரில் கேப்சூல் வாங்கி விழுங்கினாள். பழனிசெட்டிபட்டி பல் டாக்டர் வைகுண்டராஜிடம் போவோம் என்று நான் கூப்பிட்டபோதெல்லாம், அவரைவிட என் மகள் படித்தவள் என்று சொல்லி மறுத்துவிட்டாள். பல் ஆடிச் சோறு மெல்ல முடியாமல் போன பிறகுதான் வந்தாள். மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். "சூடான மாத்திரைல்ல, அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு செம்பு மோர் குடிச்சேன்" என்றாள். அவர் தலையில் கைவைத்துவிட்டார். பாலிலும் மோரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளுமாம், பெரும்பகுதி உடம்பில் சேராமலே போய்விடுமாம். "ஒழுங்கா சேந்திருந்தாலும், பல்லடியில இருக்கிற காறையைச் சுரண்டாம வெறும் மாத்திரை என்னத்தக் கிழிக்கும்" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நீ செய்த வேலைக்கு நான் தலைகுனிந்து நின்றேன்.

நீ எழுதியது பொய் என்று அவர் சொல்லவில்லை, அப்படி ஓர் ஆராய்ச்சி நடப்பதை அவரும் படித்திருக்கிறாராம். உண்மையாகவே இருக்கட்டும். எட்டாவது படித்த நான் ஒரு மூட்டை ஏலக்காய் அனுப்பினாலும் ஈரம் படாமல் வையுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். நீ பாதியை எழுதிவிட்டு உட்கார்ந்துகொண்டாய். காய்ச்சல் மாத்திரைக்கே மோர் கொடுக்கிறவள் உன் அம்மா என்று உனக்குத் தெரியாதா, அதைக் குடித்து வளர்ந்தவள்தானே ஆத்தா நீ. இவ்வளவுக்குப் பிறகும் அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டே, "எம் மகளை ஏசி எழுதிறாதீக" என்றாள். எழுதிவிட்டேன்.

கர்த்தர் உன் கைவேலையை ஆசீர்வதிக்கட்டும், ராச்சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. டாக்டரிடம் பேசி முடித்ததை மனத்தில் வை. மாதம் ஒரு சனிக்கிழமை அவர் மீதிப் பற்களைச் சுத்தம் செய்வார், இவள் முரண்டு பிடிக்காமல் வருவாள், மருந்தை அவர் மட்டும் சொல்வார், நொதியைப் பற்றிப் புதிதாக எது தெரிந்தாலும் நீ அவருக்கு இங்கிலீஷில் எழுதுவாய், அம்மாவுக்கு மகளாக மட்டும் எழுதுவாய்.

உன் அப்பா,
ச. ஞானதுரை