பத்துக்கு எட்டுப் புள்ளி

அன்புத் தோழி,

இன்று அலுமாரியை ஒதுக்கும்போது ஆங்கில அகராதிக்குள்ளிருந்து ரோனியோ மெசினில் அச்சடித்த ஒரு பயிற்சித் தாள் விழுந்தது. இத்தனை வருடமாகியும் அந்த மையின் எண்ணெய் மணம் முழுதாகப் போகவில்லை. பத்து வசனங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றிடம். வெற்றிடங்களை நிரப்பியிருப்பது அந்தப் பொலிஸ் இன்ஸ்பெக்டரின் நீல மை. மேலே உன் சிவப்பு மை: பத்துக்கு எட்டு. நின்றபடியே சிரித்துவிட்டேன். நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. என்னைத் தனியே இருந்து சிரிக்க வைக்க இன்னமும் உன்னால்தான் முடிகிறது.

கொழும்பு வெள்ளவத்தை டியூட்டரியில் நாம் இருவரும் வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த யுத்த காலம் அது. கந்தோரில் வேலை பார்க்கிறவர்கள், விசாவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் வருவார்கள். புத்தகத்து உதாரணங்கள் உனக்குப் பிடிக்காது. "ராசா வேட்டைக்குப் போனால் எங்கடை சனத்துக்கு என்ன?" என்பாய். இணைப்புச் சொற்களையும் வியப்புச் சொற்களையும் படிப்பிக்க, வகுப்பில் இருந்தவர்களின் சீவியத்திலிருந்தே வசனம் எடுத்தாய். ஊரிலிருந்து வரும் பனங்கட்டிப் பார்சலை எதிர்பார்த்திருந்த அண்ணைக்கு ஒன்று. வீட்டுக்காரியின் காலடி கேட்டதும் கதையை நிறுத்தும் இரண்டு பெண்களுக்கு ஒன்று. பழைய காதல் கடிதத்தை வைத்திருப்பதா எரிப்பதா என்று தவித்த கிளாக்கருக்கு ஒன்று. நீ எழுதினாய், நான் ஸ்டென்சில் வெட்டினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, அந்தத் தாள்களோடுதான் காலி வீதிச் சோதனைச் சாவடியில் என்னை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பையைத் திறந்தவர் வாசித்தது இது: 'பார்சல் வரும் ——— இங்கேயே நில்.' '———! அவள் வருகிறாள்.' 'கடிதத்தை வைத்திரு ——— எரித்துவிடு.' '———! நாங்கள் வென்றுவிட்டோம்.' அப்படி நாற்பது பிரதிகள். எழுதியவர் பெயர் எதிலும் இல்லை. அரை மணித்தியாலத்தில் நான் பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

"விடுபட்ட சொற்கள் எங்கே? அதுகள் யாரிடம் இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"படிக்கிறவர்கள் நிரப்பவேண்டும், சேர். இது பாடம்."

"யார் எழுதியது?"

அதற்கு மட்டும் நான் வாய் திறக்கவில்லை. நீ யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கியிருந்தவள். அந்த நாளில் பிடித்து அடைக்க அது ஒன்றே போதும்.

பதினொரு மணிபோல் வாசலில் உன் குடை தெரிந்தது. பஸ்ஸில் இருந்த நம் மாணவி ஒருத்தி ஓடிவந்து சொல்லியிருக்கிறாள். உன் சிங்களம் மீன் வாங்கும் அளவுக்குத்தான், எனவே ஆங்கிலத்திலேயே சொன்னாய்: "எழுதினது நான், சேர். பாடமா இல்லையா என்று நீங்களே செய்து பாருங்கள். பத்து நிமிடம் தருகிறேன்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவரோ உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பேனை நுனியைக் கடிக்கத் தொடங்கினார். பின்னால் நின்ற கொன்ஸ்டபிள் ஒருவர் விடையொன்றை முணுமுணுக்க, "பக்கத்து ஆள் சொல்லக் கூடாது," என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

நீ திருத்தினாய். இரண்டு பிழை. ஏழாவது சரி என்று அவர் வாதாடினார். எடியே, பத்தையும் குடுத்துத் தொலையேன் என்று என் மனம் கத்தியது. நீ தாளின் ஓரத்தில் இன்னொரு உதாரணம் எழுதிக் காட்டி, "பிழைதான், சேர்," என்றாய்.

தாள்களைத் திருப்பித் தந்து என்னைப் போகச் சொன்னார். பிறகு உன் அடையாள அட்டையையும், ஊரிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் தங்க எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவையும் கேட்டார். பதிவு காலாவதியாகி நான்கு நாள். எனக்கு அப்போதுதான் தெரியும். பொலிஸ் நிலையப் படியில் ஏறும்போதே உனக்குத் தெரியும். "நீ இரு," என்றார் உன்னிடம்.

திருத்திய தாளை என் கையில் திணித்தாய். "என்னடி நிக்கிறாய்? சனம் வந்து காத்துக்கொண்டிருக்கும். போய்ப் பாடத்தை எடு."

போனேன். எடுத்தேன். 'ஹுரே! நாங்கள் வென்றுவிட்டோம்' என்று வாசிக்கும் இடத்தில் குரல் உடைந்தது. பிறகு அந்தக் கிளாக்கர் எழுந்து எனக்காக அதை வாசித்தார்.

நாலு மணிக்கு டியூட்டரி வாசலில் வந்து நின்றாய். லொட்ஜ் நடத்தும் ஐயா பதிவுப் புத்தகத்தோடு வந்து, உனக்காகக் கையெழுத்து வைத்து மீட்டிருக்கிறார். "குடிக்க ஒரு பிளேன்ரீ தாடி," என்றாய். "அந்த மனிசன் ஏழாவது சரியெண்டுதான் இன்னும் சொல்லுது."

அடுத்த கிழமைத் தாளின் அடியில் உன் முழுப்பெயரும் கொட்டாஞ்சேனை விலாசமும் இருந்தன. தமிழ்ப் பெயரை உரத்துக் கூப்பிடவே சனம் பயந்த காலம். "விசரே உனக்கு?" என்று கேட்டேன்.

"எழுதினது ஆரெண்டு இனி ஒருத்தரும் உன்னைக் கேக்கக் கூடாது," என்றாய்.

ஓய்வு பெறும் வரை நான் கொடுத்த ஒவ்வொரு பயிற்சித் தாளின் அடியிலும் என் பெயரை எழுதினேன். ஏன் என்று கேட்ட மாணவர்களுக்கெல்லாம் உன்னைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். இந்த மடலை வாங்க நீ இல்லை. ஆனாலும் அடியில் முழுப்பெயரும் வீட்டு இலக்கமும் வெள்ளவத்தை என்பதும், உன்னைப் போலவே தெளிவான எழுத்தில், எழுதுகிறேன்.