ஸ்டெனிக்கு வச்ச கண்ணீர் அஞ்சலி

அன்பு மகள் ஷைஜாவுக்கு அப்பா எழுதுதது. கர்த்தருக்க கிருபையால இங்க நாங்க ரெண்டு பேரும் சொகமா இருக்கோம், குவைத்துல நீயும் சொகமா இருக்கணும்னு தெனமும் ஜெபிக்கோம். கர்த்தருக்க கிருபை இருக்கே தவிர உனக்க அம்மைக்க கிருபை எனக்கு இப்ப கெடையாது. சோத்தைப் போட்டு மேசையில வச்சிட்டு அடுக்களைக்குப் பெய்டுதா, கூட்டான் இன்னும் கொஞ்சம் வேணுமான்னு ஒரு வார்த்தை இல்ல. இந்த வீட்டுல எனக்கிட்ட முகம் குடுக்குதது ஆடு ஒண்ணுதான், அதுவும் கையில பிலா எலை இருந்தா மட்டும். மழை விடாம பெய்யுது, ரப்பர் வெட்டு நடக்கல, அம்மைக்கு முட்டுவலி அப்பிடியே இருக்கு, நீ குடுத்து விட்ட தைலத்தைத் தேச்சிட்டு எனக்க மேல உள்ள கோவத்தையும் சேத்துத் தேய்க்குதா. நீ போனை எடுக்கல்ல, உனக்க மேல தப்பில்ல மக்களே. எடுத்தா மட்டும் நான் என்ன சொல்லுவேன், உனக்க சத்தத்தைக் கேட்ட உடனே எனக்க வாய் தானா ஒரு கிண்டலைச் சொல்லிரும், நீ கட் பண்ணிருவ. பேப்பர்ல எழுதுனா வாய் அம்புட்டு வேகமா ஓடாது, கை கடுக்கும், நிறுத்தி நிறுத்தித்தான் ஓடும். சிஜின் லீவு முடிஞ்சு அங்க திரும்புதான், அவன் கையில சக்க வத்தலும் மீன் அச்சாறும் குடுத்து விடுதோம், அதுக்க அடியில இத வச்சிருக்கேன். அஞ்சாங் கிளாசுல நின்னவனுக்க எழுத்து, சின்னதுல நீ பாத்துட்டு கோழி கிண்டுனதா அப்பான்னு கேட்டியே, அதே கோழிதான், இப்ப கிழடாயிப் போச்சு, பொறுத்து வாசி.

ஸ்டெனி அக்கரை டீமுக்குப் போன கதையை உனக்க கூட ரூம்ல இருக்குத அவனுக்க அக்கா ஜெனிஷா சொல்லியிருப்பா. அவ சொல்லாத பாகம் ஒண்ணு உண்டு, இங்க நாங்க எப்பிடிக் கெடந்தோம்னு. நம்ம விடிவெள்ளி கிளப்புக்கு எத்தனையோ பேரு பந்து தட்டியிருக்கான், ஸ்டெனிக்க எடங்காலு மாதிரி ஒரு காலை எனக்க ஆயுசுல பாத்ததில்ல. கார்னர்ல இருந்து அடிச்சான்னா பந்து கோல் காக்குத கோலிக்கு முன்னால வந்து, சோறு தின்னியான்னு விசாரிச்சிட்டு உள்ள போவும். ஏழு பேரு ஆடுத செவன்ஸ் மேட்சுல நான் மைக்கைப் பிடிச்சு, நம்ம ஸ்டெனி மோன், நம்ம சொத்துன்னு கூவுவேன், அக்கரைக்காரன் அந்தப் பக்கம் இருந்து, ஓய் ஜான்ரோஸே, பெத்தது அவனுக்க அம்மை நேசம்மாளா நீரான்னு கேப்பான், நான் அதுக்கும் மைக்குலயே, பெத்தது அவ, பேரு வெளங்க வச்சது நான்னு சொல்லுவேன். அப்பிடிப்பட்டவனை ஆத்துக்கு அந்தப் பக்கத்துல உள்ள பி.டி. சாரு கூப்பிட்டாரு, காலேஜுல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட்டு, ஜில்லா டீம் செலக்சனுக்கு அவரே கூட்டிட்டுப் போவேன்னாரு. நம்ம கிட்ட என்ன உண்டு, நடுவுல தண்ணி கெட்டி நிக்குத ஒரு கிரவுண்டும் நானும்தான். போவுததுக்கு முந்தின நாள் அவன் நம்ம வீட்டுக்கு வந்தான், அம்மை மரச்சீனிக் கெழங்கும் மீன் கறியும் வச்சா, என்னத்தையோ சொல்ல வாயெடுத்தான், நான் விட்டேனா, இன்னொரு கண்டம் மீன் போடு, பயலுக்கு ஞாயித்துக்கெழம ரெண்டு கோல் அடிக்கணும்னு நானே பேசிட்டுக் கெடந்தேன். தின்னு கையைக் கழுவிட்டுப் பெய்ட்டான். பொறவு சாயாக் கடையில வச்சுத்தான் சங்கதி தெரிஞ்சுது. கிளப்பு செக்ரட்டரி அபின், அந்தத் தாடியும் மீசையும் வச்சிட்டு, ஸ்டெனி கழட்டிக் குடுத்த ஜெர்சியை மடியில போட்டு ஏங்கி ஏங்கி அழுதான். அன்னைக்கு ஒருத்தனும் பந்தைத் தொடல. எலே, பெண்ணு ஓடிப்போன வீட்டுல கூட இம்புட்டு அழ மாட்டாவலேன்னு நான் அவனுவளைப் பாத்துச் சிரிச்சேன். சிரிச்சிட்டு வீட்டுக்கு வந்தா எனக்கும் சோறு எறங்கல, அம்மை கேட்டதுக்கு வாயுன்னு சொன்னேன்.

நம்ம வழக்கம் உனக்குத் தெரியும், உலகக் கோப்பையில எந்த டீம் தோத்தாலும் அந்த டீமுக்கு ஜங்சன்ல கண்ணீர் அஞ்சலி போர்டு வைப்போம், வாசகம் எழுதுதது நான். போன தடவ பிரேசில் தோத்தப்போ மஞ்சக் கலர்ல ஒண்ணு வச்சோம், முந்திரி உடைக்க அண்டி ஆபீசுக்குப் பெய்ட்டு வந்த நேசம்மாளே அதுக்கு முன்னால இருந்து மாரடிச்சு ஒப்பாரி பாடிக் காட்டினா, ஜங்சனே சிரிச்சுது, நீ கூட வீடியோவுல பாத்துட்டு போன் போட்டுச் சிரிச்ச. அந்த நெனப்புலதான் ஸ்டெனிக்கும் ஒரு போர்டு வைப்போம்லேன்னு நான் சொன்னேன். அபின் வேண்டாம் பாட்டான்னான். போலே, பொறந்ததுல இருந்து பயந்தாங்கொள்ளின்னு அவனை நாலு பேருக்கு முன்னால வச்சு வாய மூட வச்சேன். கப்பு வாங்கின அன்னைக்கு எடுத்த ஸ்டெனிக்க படம், அதுக்கு மாலை, ரெண்டு பக்கமும் மெழுகுதிரி, தோற்றம் மறைவுன்னு தேதி, அடக்க ஆராதனை ஞாயிறு மாலை நாலு மணி ஸ்கூல் கிரவுண்டுன்னு பெருசா எழுதினோம், அந்த நேரத்துக்குத்தான் நமக்கும் அக்கரைக்கும் மேட்ச். அக்கரைக்குப் போனதால எங்களுக்கு மரிச்சவன், இப்படிக்கு வயிறெரியும் ரசிகர்கள்னு அடியில சின்ன எழுத்துல போட்டோம். மார்த்தாண்டத்துல அடிக்கக் குடுத்தப்போ கடைக்காரரு போன் பண்ணி, சின்ன வயசா இருக்கே, எப்பிடி மரிச்சாருன்னு வருத்தமா விசாரிச்சாரு. அப்பமாவது எனக்கு உறைச்சிருக்கணும். நான் அதையும் சாயாக் கடையில சொல்லிச் சிரிச்சேன்.

இனி உள்ளதை நீ வேற மாதிரி கேட்டிருப்ப. பயலுவ போர்டு வச்சானுவ, கீழ உள்ள வரியை எவனோ சாத்தி வச்ச வாழைக்கொலை மறைச்சுப் போட்டுது, நேசம் படத்தைப் பாத்துட்டுப் பயந்துட்டான்னுதான் உங்களுக்கெல்லாம் தகவல் வந்திருக்கும். வாழைக்கொலை இருந்தது உள்ளதுதான். ஆனா அவ போர்டைப் பாத்துட்டு நேரா எனக்கிட்ட வந்தா மக்களே. சனிக்கெழம சாயங்காலம், நான் சாயாக் கடை பெஞ்சில இருக்கேன், சுத்தி கிளப்புப் பயலுவ. அவ அண்டி ஆபீசு வேன்ல இருந்து எறங்கி, போர்டுக்கு முன்னால நின்னுட்டு, ரோட்டைக் கடந்து வந்து, அண்ணே எனக்க பிள்ளைக்கு என்னன்னு கேட்டா. நான் நெனச்சேன், பிரேசிலுக்கு மாரடிச்ச ஆளுதானே, இன்னைக்கும் ஆட்டத்தைத் தொடங்கிட்டான்னு. பயலுவ சிரிப்பை அடக்கிட்டு எனக்க முகத்தைப் பாக்கானுவ. எனக்கு ஆளு கூடினா அறிவு போவும்னு உனக்க அம்மை சொல்லுவாள்லா. தோள்ல கெடந்த துவர்த்தை எடுத்துக் கண்ணைத் தொடச்சிட்டு, நேசம், மனசைத் தேத்திக்க, நாளைக்கு நாலு மணிக்கு எடுக்கணும், நீ வீட்டுக்குப் பெய் வெள்ளச் சேலையை எடுத்து வையின்னு சொன்னேன். இது எனக்க வாயில இருந்து வந்தது. பயலுவ ஒருத்தனும் இதை வெளிய விடல்ல, திட்டெல்லாம் அவனுவளே வாங்கிட்டு எனக்காக மறைக்கானுவ, நானும் இத்தனை நாளு மறைய விட்டுட்டு இருந்தேன்.

அவ அழல. அழுதிருந்தா விளையாட்டுன்னு இன்னும் கொஞ்சம் சிரிச்சிருப்போம். அப்பிடியே ரோட்டுல கீழ இருந்துட்டா, கையில இருந்த தூக்குவாளி உருண்டு ஓடையில விழுந்துது. போனை எடுத்து ஸ்டெனிக்கு அடிக்கா, அவன் அக்கரையில பிராக்டிசுக்கு எறங்கினவன், போனு ஆஃப்ல கெடக்கு. பொறவு ஜெனிஷாவுக்கு அடிச்சு, தம்பி போயிட்டாண்டின்னு சொன்னா. அதைக் கேட்ட பொறவுதான் இது ஆட்டம் இல்லன்னு எனக்கு மனசிலாச்சு. நேசம், அவன் உயிரோட இருக்கான், இது சும்மா விளையாட்டுன்னு நான் பக்கத்துல இருந்து கத்துதேன், அவளுக்கு ஏறல, எப்பிடி ஏறும், அதுக்கு முந்தி சொன்னதும் இதே வாய்தானே. அங்க ஜெனிஷா டூட்டியில மயங்கி விழுந்ததையும் நீ வாரித் தூக்கினதையும் நீ அம்மைகிட்ட சொன்னப்போ கதவுக்குப் பொறத்தால நின்னு கேட்டேன்.

அபின் பைக்கை எடுத்துட்டு ஓடி ஸ்டெனியைக் கூட்டிட்டு வந்தான், அக்கரை ஜெர்சியோட, காலுல சேறும் பூட்சுமா. நேசம் அவனுக்க முகத்தை ரெண்டு கையாலயும் தடவிப் பாத்தா, பொறவு ஓங்கி ஒரு அடி அடிச்சா, பொறவு அங்கயே குனிஞ்சு அவன் காலுல இருந்து பூட்சை உருவினா. அடக்கத்துக்கு நேரம் குறிச்சு எழுதியாச்சு, இனி அந்தக் கிரவுண்டுல எனக்க பிள்ளை காலு வைக்க மாட்டான், எந்தக் கிரவுண்டுலயும் வைக்க மாட்டான்னா. வெறுங்காலோட அவன் அவளுக்குப் பொறத்தால வீட்டுக்கு நடந்தான். ஞாயித்துக்கெழம மேட்ச் நடந்துது, நாம ஜெயிச்சோமாம், ஒருத்தனும் கை தட்டலையாம், நான் போகல. அன்னைக்கு சாயங்காலம் அக்கரைக்காரனுவ கொஞ்சம் பேரு நம்ம முற்றத்துக்கு வந்தானுவ, அடிக்கத்தான் வாறான்னு நெனச்சு அம்மை கதவைச் சாத்தப் பாத்தா. அதுல வயசான ஒருத்தன், ஓய், உமக்கும் இல்லாம எங்களுக்கும் இல்லாம ஆக்கிட்டீரேன்னு சொல்லிட்டுக் கண்ணைத் தொடச்சான். அக்கரைக்காரன் எனக்க முற்றத்துல நின்னு அழுதான் மக்களே, இத்தனை வருசமா மைக்குல நான் கிழிச்சு விட்டவன்.

அந்த போர்டை பயலுவ அவுத்து எனக்கிட்ட தந்துட்டானுவ. எரிக்க முடியாது, உயிரோட உள்ளவன் முகம், குப்பையில போடவும் மனசு வரல, கோழிக்கூட்டுக்கு மேல போடுவோம்னா அம்மை பாத்த பார்வையில சுருட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன், அதுக்கு மேலதான் படுக்கேன், படுத்து என்ன, உறக்கம் கெடையாது. ஸ்டெனி இப்ப கொத்தனுக்குக் கையாளா சிதறால் பக்கம் போறான், அந்த எடங்காலு இப்ப சிமெண்டு சுமந்து ஏணி ஏறுது. என்னைக் கண்டா பாட்டான்னு கூப்பிட்டுட்டு தலையைக் குனிஞ்சிட்டுப் போறான், ஒரு கெட்ட வார்த்தை சொன்னா எனக்கு நல்லாயிருக்கும். சபையில நேசம் இருக்குத பெஞ்சுக்கு நேர இருந்து கொட்டாவி விட்டு அவளைச் சிரிக்க வைக்கிறவன், இப்ப தூணுக்குப் பொறத்தால ஒளிஞ்சு இருக்கேன். போன வாரம் துணிஞ்சு அவ வீட்டுக்குப் போனேன். வாங்கண்ணேன்னா, நாற்காலி போட்டா, காப்பி தந்தா. தொடப்பத்தை எடுத்திருக்கலாம். எனக்க மேல உள்ள கோவத்தை பயலுக்க காலுல தீக்காதே, அடுத்த மாசம் நாகர்கோவில்ல ஜில்லா செலக்சன், அந்த பூட்சை மட்டும் குடுத்திருன்னு சொன்னேன். அண்ணே, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் அப்பிடியே நம்பினேன், இனி நீங்க எதைச் சொன்னாலும் எனக்கு நம்பத் தோணல, தப்பா எடுக்காதீங்கன்னு மெதுவா சொன்னா. காப்பியைக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் எழும்பினேன், மிச்சம் வைச்சா அதுவும் ஒரு மரியாதைக் கேடாயிருமேன்னு.

அவ இப்ப ஜெனிஷா சொன்னா மட்டும்தான் கேப்பா. ஜெனிஷாவோ அங்க இருந்து, பந்தும் வேண்டாம் பந்துக்காரப் பயலுவ சகவாசமும் வேண்டாம், அதனாலதான் நமக்கு இது வந்துதுன்னு அம்மைக்கு ஏத்திக் குடுக்குதாளாம். அவளைச் சொல்லிக் குத்தமில்ல, போன்ல அம்மைக்க அந்த சத்தம் அவ காதுல விழுந்தது. ஆனா அவ நெனச்சிட்டு இருக்குதது தப்பு. பந்து ஒண்ணும் செய்யல, பயலுவளும் செய்யல, செஞ்சது ஒரு கிழவனுக்க வாய். தண்டனையை வாய்க்குக் குடுக்கட்டும், காலுக்குக் குடுக்க வேண்டாம்னு நீ அவகிட்ட சொல்லணும். நேசம் எனக்கிட்ட வந்து கேட்டதையும் நான் சொன்னதையும் மேல எழுதியிருக்கேன், அந்த எடத்தை அவகிட்ட காட்டு. அவன் அக்கரைக்கே ஆடட்டும், நமக்கு எதிரா வந்து நாலு கோல் அடிக்கட்டும், நான் மைக்கைத் தொடாம வீட்டுல இருந்து கேட்டுட்டு இருக்கேன்.

வேற விசேஷம் இல்ல. நைட் டூட்டி முடிஞ்சா வெறும் வயித்துல படுக்காதே, அச்சாறை ரூம்ல உள்ளவளுக்கும் குடு, ஜெனிஷாவுக்கு ஒரு குப்பி தனியா உண்டு, அது அம்மை வச்சது, நான் தந்ததுன்னு சொல்லாண்டாம். கர்த்தர் உன்னைக் கண்ணுக்க மணி போல காக்கட்டும், போற வழியும் வாற வழியும் கூட இருக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்திராதே. இதை ஜெனிஷாகிட்ட காட்டும்போ, எங்க அப்பா நல்லவருதான், வாய் மட்டும்தான் அப்பிடின்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிராதே. நீ சொல்லுவ, உன்னை எனக்குத் தெரியும். எனக்காக நீ ஒண்ணும் பேசாண்டாம் மக்களே, அந்தப் பயலுக்காகப் பேசு.

இப்படிக்கு,
உனக்க அப்பா
ஜான்ரோஸ்