திராட்சையைக் கடைசியில் போடு

அன்புள்ள மகனுக்கு,

நீ நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுத மனசு வரவில்லை. உன் அம்மா நலமாக இல்லை, எனக்கோ உன் மேல் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது. வீட்டில் நான் போனை எடுத்தாலே அவள் படுக்கையிலிருந்தபடி காதைத் தீட்டிக்கொள்கிறாள், அதனால் மருந்துக்கடையில் மதியம் ஆள் குறைந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுநடுவே யாராவது சீட்டோடு வந்தால் எழுந்து போய் மருந்து கொடுத்துவிட்டு வருவேன், கையெழுத்து கோணினால் அதுதான் காரணம், அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று அக்காவிடம் போன் போட்டுக் கேட்காதே.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு ஒரு மாதம் ஆகிறது, நெஞ்சுச் சளியும் கரைந்துவிட்டது, பசி மட்டும் திரும்பி வரவில்லை. நாற்பத்தெட்டு கிலோ இருந்தவள் நாற்பத்தொன்றில் நிற்கிறாள். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அப்புறம் சாப்பிடறேன் என்பாள், அந்த அப்புறம் வரவே வராது. பிடித்தது எதுவோ அதைக் கொடுங்கள், உள்ளே போனால் போதும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். என்னதான் வேண்டும் என்று நான் கத்தியபோதுதான், நம்ம பையன் ஓட்ஸை வறுத்துச் செய்வானே கிரனோலா, அது இருந்தா பாலில் போட்டு ஒரு கிண்ணம் சாப்பிடுவேன் என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாளே, அன்றிலிருந்து இந்தத் தெருவில் அந்தப் பெருமையைக் கேட்காத ஆள் கிடையாது. ஆபீஸ் போகிற அவசரத்திலும் என் பிள்ளை தன் கையால் வறுத்து, கண்ணாடி பாட்டிலில் போட்டு, காலையில் எனக்கு எடுத்து நீட்டுவான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே உச்சி குளிர்ந்துவிடும்.

சரி என்று உன்னைக் கேட்டேன், நீயும் செய்முறையை அஞ்சு வரியில் அனுப்பினாய், ரொம்ப ஈஸிப்பா, பத்து நிமிஷ வேலை என்று ஒரு சிரிப்புப் படம் வேறு. அக்கா தன் சின்ன ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். ஓட்ஸ், பாதாம், சூரியகாந்தி விதை, தேன், எண்ணெய், உலர்ந்த திராட்சை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இருநூறு டிகிரியில் நாற்பது நிமிஷம் வைக்கவும் என்று இருந்தது. நான் டாக்டர் சீட்டில் எழுதியதை ஒரு சொட்டுகூட மாற்றாமல் கொடுத்து முப்பத்தொரு வருஷம் பழகியவன். பதினைந்தாவது நிமிஷமே தீய்ந்த வாடை வந்தது, ஆனால் சீட்டில் நாற்பது என்று இருக்கும்போது நடுவில் நிறுத்த நான் யார் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேல்மாடித் தையற்காரம்மா வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். தட்டில் இருந்த திராட்சை ஒவ்வொன்றும் அடுப்புக்கரி, தேன் தட்டோடு ஒட்டிக்கொண்டு உளி வைத்துப் பெயர்க்க வேண்டியதாயிற்று. எங்கே தப்பு செய்தேன் என்று உனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, மூன்றாவது தடவை எடுத்தாய், முதலில் சிரித்தாய், அப்புறம்தானே அந்த முத்து உதிர்ந்தது. அது நான் செஞ்சதில்லப்பா, கீழே கடையில் வாங்கி பாட்டிலில் கொட்டி வைப்பேன், அம்மா நானே செஞ்சேன்னு நினைச்சாங்க, சந்தோஷமா இருந்தாங்க, அதனால் விட்டுட்டேன், உங்களுக்கு அனுப்பினதும் நெட்டில் பார்த்ததுதான் என்றாய். ஏண்டா, உடம்பு தேறாமல் படுத்திருக்கிறவளுக்கு என்று கேட்டு வாங்கியதை ஒரு தடவை செய்து பார்க்காமல் அனுப்ப உனக்கு எப்படி மனசு வந்தது? யார் வீட்டு நோயாளிக்கோ என்று நினைத்தாயா?

அன்று சாயங்காலமே அக்காவும் நானும் நின்று மறுபடி செய்தோம். இந்தத் தடவை சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணையும் மூக்கையும் நம்பினேன், நன்றாகவே வந்தது, அக்கா நின்ற இடத்திலேயே ஒரு கைப்பிடி தின்றுவிட்டாள். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள், நல்லாத்தான் இருக்கு, ஆனா பையன் செய்யற மாதிரி வரலை என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அந்த நிமிஷமே போட்டு உடைத்திருப்பேன், வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா, போன வருஷம் நீ எனக்குச் சட்டை அனுப்பிய அட்டைப்பெட்டியில் கடையில் பஞ்சு உருளை போட்டு வைத்திருந்தேன், உன் கையெழுத்தில் விலாசம் அப்படியே இருந்தது, அதே கிரனோலாவைப் பெரிய பாட்டிலில் போட்டு, பஞ்சு சுற்றி, அந்தப் பெட்டியில் வைத்து நாடா ஒட்டி, பையன் பார்சல் அனுப்பியிருக்கான் என்று கொண்டுபோய் நீட்டினேன். கட்டின பொண்டாட்டியிடம் இப்படி ஒரு பச்சைப் பொய் நான் சொன்னதே இல்லை. எழுந்து உட்கார்ந்து ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டாள். இதுதான் என் பிள்ளை கைப்பக்குவம், நீங்க செஞ்சதும் ஒரு கிரனோலாவா என்றாள். அதே கிரனோலாடா, ஒரே தட்டில் வெந்தது. பாட்டிலை எவ்வளவு அழகா பேக் பண்ணியிருக்கான் பாருங்க, உங்களை மாதிரியே என்று வேறு சொன்னாள், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அடுத்த நாள் இரண்டே ஸ்பூன் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் இரண்டே ஸ்பூன். ஏன் என்று கேட்டால், பிள்ளை அனுப்பினது, தீர்ந்துட்டா என்ன பண்றது, கொஞ்சம் கொஞ்சமா வச்சுச் சாப்பிடறேன் என்கிறாள். பாட்டிலைத் துணி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் தாராளம், தையற்காரம்மாவுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்து எப்படி இருக்கு என்று கேட்டாள், வாளியோடு ஓடி வந்த அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பன்னிரண்டு நாள் ஆகிறது, பாட்டில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, எடை இன்னும் அரை கிலோ இறங்கிவிட்டது. இன்னொரு பாட்டில் அனுப்பச் சொல்றேன், நீ வயிறாரச் சாப்பிடு என்றேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். வேலை முடிஞ்சு களைச்சு வந்து அந்தப் பிள்ளை அடுப்பு முன்னால் நிக்கணுமே, பாவம், அதைச் சிரமப்படுத்தாதீங்க என்றாள். அன்றைக்கு எனக்கு உன் மேல் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. நீ ஒரு நாளும் நிற்காத அடுப்புக்காக உன் அம்மா பட்டினி கிடக்கிறாள்.

நான் செய்ததும் முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கட்டிலருகே போய் உட்கார்ந்தேன், இரண்டு தடவையும் உன் பேச்சையே எடுத்தாள், எழுந்து வந்துவிட்டேன். அதனால் நீ கிளம்பி வா. அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு, நண்பர்களோடு கடற்கரைக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னாயாம், கடல் எங்கேயும் ஓடிவிடாது. வந்து அவள் கண்முன்னால் செய். பக்கத்திலேயே இருக்கிற பிள்ளை செய்வதை யாரும் பூட்டி வைக்க மாட்டார்கள். ஆனால் இங்கே வந்து திருதிருவென்று முழித்தால் குட்டு உடைந்துவிடும், அதனால் வருவதற்குள் அங்கே பத்துத் தடவையாவது செய்து கையைப் பழக்கிக்கொள். மூன்று கிண்ணம் ஓட்ஸுக்கு ஒரு கிண்ணம் பாதாமும் விதையும், அரைக் கிண்ணத்துக்குச் சற்றுக் குறைவாகத் தேன், அதில் பாதி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. நூற்றைம்பது டிகிரி, அதற்கு மேல் போகாதே. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்துக் கிளறு, அரை மணிக்குள் பொன்னிறம் வந்துவிடும், எடுக்கும்போது மெத்தென்று இருந்தால் பயப்படாதே, ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும், ஆறும்வரை கை வைக்காதே. எங்கள் ஓவனில் ஓரம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துவிட்டது, அந்த ஓரத்துத் துண்டுகளைத்தான் அவள் பொறுக்கி எடுத்துச் சாப்பிடுகிறாள், பையன் கை அப்படி என்று. உனக்கும் ஓரம் சிவக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், உனக்கு ஒரு குறையும் வராது. டிக்கெட் போட்டதும் அக்காவிடம் சொல், அம்மாவிடம் நானே சொல்கிறேன், அதையாவது நான் உண்மையாகச் சொல்லிக்கொள்கிறேன். திராட்சையை மறக்காதே, எல்லாம் ஆறிய பிறகு கடைசியில் போடு.

இப்படிக்கு,
உன் பெயரில் கிரனோலா செய்யும்
அப்பா