ஏறி நிற்கும் வலது தோள்

மார்ச் 4
இன்று இவரை மூன்று மணி நேரம் நிற்க வைத்தேன். வரைவது இவர் முதுகு. முதுகெலும்புப் பள்ளத்தில் நிழல் இன்னும் சரியாக விழவில்லை. அடியில் பச்சை பூசி, காய்ந்த பிறகு மேலே சிவப்பும் வெள்ளையும் ஏற்றினால்தான் ரத்தம் ஓடுகிற உடம்பாக வரும். புத்தகம் பார்த்து நானே கற்றது. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, செத்து ரெண்டு நாளான மாதிரி இருக்கேன்?" என்றார். "பொறுங்க, சிவப்பு போட்டதும் எழுந்துருவீங்க."

மார்ச் 9
மகள் போன் செய்தாள். "அப்பாவைச் சட்டையில்லாம நாலு பேர் பார்க்கணுமாம்மா?" உங்கப்பா அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் வெற்று உடம்போடுதான் மிஷின் ஓட்டினார், பார்த்தவங்க யாருக்கும் கண் போகலை என்றேன். சிரித்துவிட்டாள்.

மார்ச் 15
கண்காட்சித் தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் படத்தைப் பார்க்க வந்தார். ஓவியக் கல்லூரி ஆசிரியர். பென்சிலை நீட்டி ஒற்றைக் கண்ணால் அளந்துகொண்டே இருந்தார். இனி அந்த ஆளுக்கு இந்த டைரியில் அளவுகோல் என்று பெயர்.

"பூச்சு பிரமாதம்மா. ஆனா எடை வலது கால்ல இருக்கு. வலது இடுப்பு ஏறினா வலது தோள் இறங்கணும். உங்க படத்துல ரெண்டும் ஏறி நிக்குது. இது முதல் வருஷப் பாடம்."

"நான் பார்த்ததைத்தான் போட்டேன்."

"முறையா கத்துக்காம வந்தா..." முடிக்கவில்லை. தோளைத் திருத்தி இருபத்தைந்தாம் தேதிக்குள் கொடுத்தால் மாட்டுவார்களாம். ஏற்கெனவே இரண்டு முறை என் படங்களைத் திருப்பி அனுப்பியவர்கள்.

பத்தொன்பது வயதில் அதே கல்லூரி வாசலில் போய் நின்றேன். பெண்பிள்ளைகள் குடமும் பழமும் வரையலாம், ஆண் உடம்பு வரையும் வகுப்பில் இடமில்லை என்றார்கள். முதல் வருஷப் பாடத்தை எனக்கு யார் கொடுத்தது? குடத்துக்கு எந்தத் தோள் ஏறும், எந்தத் தோள் இறங்கும்?

மார்ச் 16
மாற்ற மாட்டேன்.

மார்ச் 18
இவர் பீரோக் கண்ணாடி முன் சட்டையில்லாமல் நின்று, இடது கையால் வலது தோளை அழுத்திக்கொண்டிருந்தார். என்ன பண்றீங்க என்றேன்.

"தோளுக்குப் பாடம் சொல்லித் தர்றேன்." பிறகு மெதுவாக, "உன் படம் அங்க தொங்கணும்மா. நானே டிக்கெட் வாங்கிப் போய் என் முதுகைப் பார்க்கணும்."

நான் யாரிடம் வீம்பு பிடிக்கிறேன்? சரி என்றேன். ஐம்பது வருஷத்தில் நான் சொன்ன 'சரி'களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மார்ச் 20
விதிப்படி நின்றார். பழைய தோள்மேல் புதுத் தோளை ஏற்றினேன். குறை சொல்ல முடியாது. ஆனால் செத்த தோள்.

வழக்கம்போலப் பேசிக்கொண்டே வரைந்தேன். எப்போதும் 'உம்', 'அப்படியா' என்று வரும். இன்று ஒன்றும் இல்லை. கோபமோ? "போதும், நாளைக்குப் பார்த்துக்கலாமா?" பதில் இல்லை. கிட்டே போய்த் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "ஏதாவது சொன்னியா?"

உட்கார வைத்துக் கேட்டேன். வலது காது மங்கி நாலு வருஷமாம். மிஷின் அந்தப் பக்கம்தானே இருந்தது. பின்னால் நின்று நான் பேசுவது கேட்க வேண்டுமென்றால் இடது காதை என் பக்கம் சாய்க்க வேண்டும். சாய்த்தால் இடது தோள் இறங்கும், வலது ஏறும்; இன்று விதிப்படி நின்றதில் நான் பேசியது கேட்கவில்லை. அவ்வளவுதான்.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா கத்திப் பேசுவே. நீ முணுமுணுன்னு பேசுறதுதான் எனக்குப் பிடிக்கும்."

பாவி மனுஷன். ஒவ்வொரு எலும்பா எண்ணி எண்ணி வரைஞ்சேனே, ஏன் இப்படி நிக்கிறீங்கன்னு ஒரு நாள் கேட்டேனா? அளவுகோல் தப்புன்னான், நான் சரின்னேன். அது என்னன்னு ரெண்டு பேருக்குமே தெரியலை.

மார்ச் 21
புதுத் தோள் இன்னும் ஈரமாக இருந்தது. டர்பன்டைன் துணியால் துடைத்தேன். அடியில் பழைய தோள் காய்ந்து பத்திரமாக இருந்தது. அளவுகோலுக்குப் போன் செய்து, படம் அப்படியேதான் இருக்கும் என்றேன். "அப்ப கஷ்டம்மா." "கஷ்டம் உங்களுக்குத்தான்" என்று வைத்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. இவர் காது எங்கள் வீட்டுச் சங்கதி.

இவர் முகம்தான் கொஞ்சம் வாடிப்போனது. "அப்ப எங்க மாட்டுறது?"

"கூடத்துல."

"மக வந்தா?"

"டிக்கெட் வாங்கிட்டுப் பார்க்கட்டும்."

மார்ச் 25
கண்காட்சிக்குப் படம் கொடுக்கக் கடைசி நாள். காது டாக்டரிடம் போனோம். கருவி ஓரளவுக்குத்தான் உதவுமாம். "எதிர்ல நின்னு பேசுங்கம்மா. உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார்" என்றார்.

ஏப்ரல் 2
புதுக் கேன்வாஸ். இந்த முறை முன்பக்கம். நேருக்கு நேர் நிற்கிறார். மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, இருபது வயசு மாப்பிள்ளை மாதிரி. இயல்பா விடுங்க என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டு, கேட்காதது போல நிற்கிறார்.