கறிக்கடைக்கு வந்த தாள்

அன்புள்ள மகனுக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுடமாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போன நீயும் உடம்பு கெடாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. எனக்கு இடது காது மந்தம், ஊர்ப்பேச்சில் பாதி விழுவதில்லை, நல்லதுதான்.

விழுகிற பாதியைச் சொல்கிறேன். எதிர்க்கடையில் தைக்கிற மீசைக்காரன், கறி வாங்க வந்த நாலு பேருக்கு முன்னால், உன் புள்ள துப்பாக்கியக் கீழ வச்சுட்டானாமே, தொடைநடுங்கி, என்றான். போன சண்டைக்கு ஆள் எடுத்தபோது இவன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டில் நாலு மாதம் படுத்திருந்தான். சூப்புக்கு எலும்பு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். முதல் மாதம் கட்டு இடது காலில் இருந்தது, மூன்றாம் மாதம் வலது காலில். எந்தக் கால்டா மீசை அது, என்று கேட்டேன். கறி வாங்காமலே போய்விட்டான்.

அதை விடு. செவ்வாய்க்கிழமை உன் பட்டாளத்து அதிகாரி ஒருத்தன் கடைக்கு வந்தான், பூட்ஸில் முகம் பார்க்கலாம். நான் ஆடு உரித்துக்கொண்டிருந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டே ஒரு தாளை நீட்டி, பெரியவரே, இதுல ஒரு கைநாட்டு வச்சா அடுத்த வாரம் உங்க மகன் வீட்ல இருப்பான், என்றான். அம்மா அதைக் கேட்டதும் என் விரலைத் துடைக்கத் துணியே எடுத்து வந்துவிட்டாள். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் இரண்டு தடவை வாசிக்கக் கேட்காமல் எதிலும் விரல் வைத்ததில்லை, உனக்கே தெரியும். வாசிங்க அய்யா என்றேன். என் மகன் சின்ன வயதிலிருந்தே ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவான், அதனால்தான் சுட மறுத்தான் என்று வாசிக்கிறான். அவன் தலைக்கு மேலே இரண்டு ஆடு தொங்குகிறது! பத்து வயதில் ஈரல் பிரித்தவன் நீ. எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்க்காமல் பொய் சொல்கிறவனுக்குச் சம்பளம் வேறு.

இன்னொரு தடவை என்றேன். எரிச்சலில் கடகடவென்று வாசித்தான், முதல் தடவை முழுங்கிய வரி வெளியே விழுந்துவிட்டது. இப்போது குணமாகிவிட்டான், இனிச் சொன்ன இடத்தில் சுடுவான், தகப்பனாகிய நான் உறுதி சொல்கிறேன் என்று. இந்த வரி மொதல்ல இல்லையே என்றேன். காது மந்தம்னு சொன்னாங்க, உங்களுக்குக் கேட்டிருக்காது, என்றான். மந்தக் காது இடதுங்க, நீங்க நிக்கிறது வலப்பக்கம், என்றேன்.

வச்சிடுங்க, புள்ள வந்தாப் போதும், என்று அம்மா அழுதாள். நான் வைக்கவில்லை. மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களைச் சுடச் சொன்னார்கள் என்று நீ எழுதியிருந்தாய். முதல் கடிதத்தையும் நாலு மாதம் கழித்து வந்ததையும் வாசிக்கக் கேட்டேன், ஒரு வரி மாறவில்லை. நாற்பது வருஷம் வெட்டியவன் சொல்கிறேன், கட்டிப்போட்டதை வெட்ட வீரம் தேவையில்லை.

அந்தத் தாள் உன்னிடமும் வரும். படித்தவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம். இரண்டு தடவை வாசி. சிறையில் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற அய்யாவும் இரண்டு தடவை பார்க்கட்டும். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கம்பளியக் காது வரைக்கும் போத்திக்கச் சொல்லுடி, என்கிறாள், தங்கச்சியிடம்தான், என்னிடம் இல்லை. தலை குனியாமல் நல்லபடியாக இரு.

இரண்டு தடவை வாசிக்கக் கேட்டு விரல் வைத்தது,
உன் அப்பா.