காளான் கொட்டிலுக்கு மண்

செவ்வாய், இரவு.

கிண்ணியாவில் ஆற்று மண் அள்ளுபவர்களுக்கு வேறு தொழில் பழக்குவதுதான் என் வேலை. இன்று காளான் வளர்ப்பின் முதல் வகுப்பு. இருபது கதிரை போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. காலை பத்து மணிக்கு, மண் ஏற்றிய பெட்டியோடு ஒரு உழவு இயந்திரம் வாசலில் வந்து நின்றது. மண்ணுக்கு மேலே என் மாணவர்கள்.

"என்ன ரஹீம் நானா, வகுப்புக்கு வாறம் எண்டு சொன்னீங்களே?"

"இண்டைக்கு ஏலாது மிஸ். அவசர ஓடர். இன்னும் நாலு லோட் கொண்டுவந்து பறிக்கோணும்."

"ஆருக்கு?"

"உங்கட காளான் கொட்டிலுக்குத்தான். ஈரம் நிக்க நிலத்தில ஆத்து மண் போடோணுமாம்."

ஓடரைக் காட்டினார். கையெழுத்து என்னுடையது. வாசிக்காமலே கையெழுத்து வைத்திருக்கிறேன், மூதேவி நான்.

வரவுப் பதிவேட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். வந்தவர்கள்தானே.